தனிக் கம்பி எங்க வரைக்கும் வந்தது?

நெட்வொர்க் என்றதும் கொழும்புக் கட்டடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா லிந்துலைப் பக்கத்து ஆட்களான எங்களுக்குத் தனி நெட்வொர்க் ஒண்ணும் புதுசு இல்ல.

1885இல் ரயில் பாதை நானுஓயா வரை வந்தது. ஒற்றைத் தண்டவாளம், எதிரெதிரே ரெண்டு ரயில் வந்தால் கதை முடிஞ்சது. அதைத் தடுக்க மலையகப் பாதையில் வந்ததுதான் டேப்லட் முறை. அடுத்தடுத்த ரெண்டு ஸ்டேஷன்களில் ஆளுக்கொரு பெட்டி, நடுவில் ஒரு தனிக் கம்பி. ஒரு பெட்டியிலிருந்து தகட்டை எடுத்துவிட்டால், அது திரும்பப் பெட்டிக்குள் போகும்வரை ரெண்டிலும் இன்னொன்று வெளியே வராது. இவ்வளவு முக்கியமான பேச்சு ஊராரின் தந்திகளோடு வரிசையில் நிற்க முடியாதே. அதனால்தான் தனிக் கம்பி.

சர்வர்களுக்கும் இதே கணக்குத்தான். ஒரே அறையில் ரெண்டு சர்வர் இருந்தால் ஒரு கேபிளோ ஒரு சுவிட்சோ போதும். தூரமாக இருந்தால், தொலைபேசி நிறுவனத்திடம் தனி இணைப்பை வாடகைக்கு எடுக்கலாம்: வேகம் நிச்சயம், செலவு அதிகம். இல்லாவிட்டால் பொது இணையத்துக்குள்ளேயே பூட்டுப்போட்ட ஒரு சுரங்கம், அதாவது வி.பி.என், போடலாம்: செலவு குறைவு, ஆனா பாதை நெரிசலானால் நாமும் நெரிசலில்தான்.

இலங்கையில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவை பல்கலைக்கழகங்கள். மொரட்டுவையில் பேராசிரியர் அபய இந்துருவ 1989இல் முன்வைத்த யோசனையிலிருந்து ‘லேர்ன்’ என்ற கல்வி வலையமைப்பு பிறந்தது. முதலில் வெறும் மின்னஞ்சல்; சேர்த்து வைத்து டயல் பண்ணி அனுப்புவார்கள். 1990களின் நடுப்பகுதியில் கொழும்பு, மொரட்டுவ, திறந்த பல்கலைக்கழகம் மூன்றும் தங்களுக்குள் இணைந்தன. பிறகு பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு என்று வலை விரிந்தது.

அதன் பலன் 2020இல் தெரிந்தது. கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டன. ஸூம் வகுப்புகளை லேர்ன் வெளிநாட்டு சர்வர்களில் விடாமல் உள்ளூர் சர்வர்கள் வழியாக நடத்தியது. போக்குவரத்து எந்த சர்வருக்குப் போகிறது என்று தெரிந்ததால், பல்கலைக்கழக சர்வர்களுக்குப் போகும் டேட்டாவுக்குக் கட்டணம் வேண்டாம் என்று தொலைபேசி நிறுவனங்களோடு ஏற்பாடு செய்ய முடிந்தது. நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா?

ஆனா அந்தத் தனிக் கம்பி வளாக வாசலோடு நின்றுவிட்டது. அங்கிருந்து லயக் காம்பரா வரைக்கும் செல்போன் கோபுரம்தான் வழி. மலை மறைத்தால் சிக்னல் இல்லை. அப்போ டேட்டா இலவசமாக இருந்தது; அதைப் பிடிக்க மேட்டுக்கு ஏறணும். மழை பெய்தால் அன்றைய வகுப்பு போச்சு.

தனி நெட்வொர்க் பணக்கார நிறுவனங்களின் சொகுசு என்று நாங்கள் நினைக்கவில்லை. யாருக்கு டேட்டா செலவு மிச்சமாகும் என்பதையே அது மாற்றிவிட்டது. அதனால் அடுத்த முறை ‘டிஜிட்டல் மலையகம்’ என்று யாராவது மேடையில் பேசினால், நாம் கேட்க வேண்டியது மூன்று கேள்வி: கம்பி யாருடையது? சர்வர் எங்கே இருக்கு? எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் முன்னால் அது நின்றுபோகுது?