கடல் கடந்து வந்த குச்சிக்கிழங்கு

ஜவ்வரிசிப் பாயசம் இல்லாத கல்யாண விருந்து நம் செங்கம் பக்கம் அபூர்வம். ஆனால் அந்த ஜவ்வரிசி ஒரு காலத்தில் முழுக்க முழுக்கக் கப்பலில் வந்த சரக்கு என்று சொன்னால், என் வயதுக்காரர்களே நம்ப மறுக்கிறார்கள். பெயரிலேயே அது இருக்கிறது. சேகோ அரிசிதான் சவ்வரிசி, ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். ஜாவா அரிசி என்று சொல்வோரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அது அயலூர்ப் பெயர்தான். முதலில் வந்தது கிழங்கில் செய்ததுகூட அல்ல. மலாய்த் தீவுகளில் சேகோ என்ற ஒரு பனையின் சோற்றிலிருந்து எடுத்த மாவு. பின்னால் அங்கேயே குச்சிக்கிழங்கு மாவில் அதே மாதிரி உருட்டத் தொடங்கி, பினாங்கு, சிங்கப்பூர் வழியாக நம் கடைகளுக்கு அனுப்பினார்கள்.

நன்னன் ஆண்ட நாளில் இந்த மலைகளில் தோண்டிய கிழங்கு வேறு, இது வேறு. இது தென் அமெரிக்கப் பயிர். போர்த்துகீசியர் கையோடு உலகம் சுற்றியது. நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. அங்கே இதற்கு மானியோக் என்று பெயர். புதுச்சேரியில் லபூர்தொனே பெயரில் ஒரு தெரு இருக்கிறதே, 1746இல் சென்னையைப் பிடித்த அதே லபூர்தொனேதான், அதற்கு முன் மொரீஷியஸ் கவர்னராக இருந்தபோது அந்தத் தீவுக்குள் மானியோக்கைக் கொண்டுவந்தார். கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவான சோறு வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். நம் தெற்கே திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, குடிகளின் பசிக்காக இதைப் பரப்பினார். ஒரே கிழங்கு, இரண்டு நோக்கம்.

சேலத்தின் கதை யுத்தத்தில் தொடங்குகிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். பர்மா அரிசியும் நின்றது, மலாயா ஜவ்வரிசியும் நின்றது. அப்போது சேலத்தில் கருவாட்டு வியாபாரம் செய்துவந்த மாணிக்கம் செட்டியார், வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வருபவர். பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷா என்ற குஜராத்திக்காரருக்கு ஜவ்வரிசி செய்யும் வித்தை தெரியும். இருவரும் சேர்ந்து 1943 வாக்கில் சேலத்தில் கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, தெளியவைத்து, மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்துப் பார்த்தார்கள். தொட்டியும் துணியும் சட்டியும்தான் அன்றைய ஆலை. அடுத்த வருஷமே பஞ்சம் வந்தது. ஜவ்வரிசி உணவுப் பொருள், மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று கலெக்டர் உத்தரவு போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கம் கூட்டி, சிவில் சப்ளை கமிஷனர் வரை போய் அதை நீக்கவைத்தார்கள். (ஒரு உத்தரவை நீக்க எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டும் என்று ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தெரியும். அவர்களுக்கு என் தனி மரியாதை.)

யுத்தம் முடிந்ததும் வெளிநாட்டுச் சரக்கு மறுபடி இறங்கத் தொடங்கியது. பளபளவென்று, விலையும் மலிவாக. நம் ஆட்கள் ராஜாஜியிடம் போனார்கள். அவர் அப்போது டில்லி இடைக்கால அரசில் தொழில் துறை அமைச்சர். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், அந்த ஊர் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்காது. இறக்குமதிக் கதவு சாத்தப்பட்டது; ஆலைகள் பெருகின. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதே கிழங்கு ஐரோப்பாவில் வேறு ஆட்டம் ஆடியது. அங்கே பொதுச் சந்தை நாடுகள் தங்கள் கோதுமை விவசாயிக்கு உயர்ந்த விலை கட்டிக்கொடுத்தன. தீவனக்காரர்கள் பார்த்தார்கள். கோதுமை விலை ஏறிக் கிடக்கிறது, கிழங்குக்கோ சுங்கம் சொற்பம். தாய்லாந்திலிருந்து காய்ந்த கிழங்கை அரைத்துக் குச்சி குச்சியாக அழுத்தி ராட்டர்டாமுக்குக் கப்பல் கப்பலாக இறக்கி, சோயாப் பிண்ணாக்கோடு கலந்து பன்றிக்கும் மாட்டுக்கும் போட்டார்கள். 1982இல் தாய்லாந்தோடு அளவு ஒப்பந்தம் போட்டுப் பார்த்தார்கள். 1992இல் தானிய விலையையே குறைத்தபின் அந்த வியாபாரம் தேய்ந்து போனது. பிறகு தாய்லாந்து தன் சரக்கைச் சீனாவின் பக்கம் திருப்பியது. அங்கே சாராய ஆலைக்கும் ஸ்டார்ச்சுக்கும் போகிறது.

இப்போது நம் பக்கம். 2010 ஜனவரி முதல் ஆசியான் நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. தாய்லாந்து, வியட்நாம் ஸ்டார்ச் வந்து விலையைக் கெடுக்கிறது என்று சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயிகள் புலம்புவது நியாயமில்லாத புலம்பல் அல்ல. கிழங்கை மண்ணிலிருந்து பிடுங்கிய இரண்டொரு நாளில் அரைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீலக் கோடு ஓடிக் கெட்டுவிடும். ஆலைக்காரர் மாவுச்சத்து அளந்து ‘பாயிண்ட்’ கணக்கில்தான் விலை போடுவார். பத்து மாதம் காத்திருந்தவன், லாரியில் ஏற்றியபின் பேரம் பேச முடியுமா? வெளிநாட்டு ஸ்டார்ச் மூட்டையோ குடோனில் மாதக்கணக்கில் தூங்கும். காத்திருக்க முடிந்தவன் கையில்தான் விலை.

இறக்குமதி எல்லாமே கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. 2020இல் கேரளத்தில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. சீக்கிரமே சேலம், நாமக்கல் வயல்களில் நுனிக் குருத்தெல்லாம் சுருண்டு கொத்தாகிப் போனது. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து, கிழங்கின் பின்னாலேயே வந்த பூச்சி. மருந்துக்கு அடங்கவில்லை. அதற்கு எதிரியான ஒரு சின்னக் குளவி உண்டு. பராகுவேயில் கண்டுபிடித்து 1980களில் ஆப்பிரிக்காவில் விட்டுக் கோடிக்கணக்கான ஜனங்களின் சோற்றைக் காப்பாற்றியது. போட்டிக்காரத் தாய்லாந்தும் 2009இல் பெனினிலிருந்து அதையே வாங்கியது. நம் அரசின் பெங்களூர் ஆராய்ச்சி நிலையமும் அதே பெனினிலிருந்து தருவித்து, பெருக்கி, 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் திறந்துவிட்டது. நான் பள்ளியில் படித்தபோது பெனினுக்கு தாகோமே என்று பெயர். தலைநகர் போர்த்தோ நோவோ. நம் பரங்கிப்பேட்டைக்கும் அந்தக் காலத்தில் அதே பெயர்தான்.