ஏற்கப்படாத பட்டம்

சிங்கப்பூரில் சீனவழியில் தொடங்கப்பட்ட நன்யாங் பல்கலைக்கழகம் 1980-ல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டபோது, சீனவழியில் படிக்க வரும் மாணவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. குறைந்தது உண்மைதான், ஏன் குறைந்தார்கள் என்பதே கேள்வி. அதற்குத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த 1949-க்குப் பின் மேற்படிப்புக்காக அங்கே போனவர்கள் திரும்பி வருவது அரிதாயிற்று. உள்ளூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகமோ ஆங்கிலவழி. சீனப் பள்ளி மாணவர்களுக்கு வழி அடைபட்டிருந்த அந்த நிலையில், ரப்பர் வணிகர் டான் லார்க் சை 1953-ல் நன்யாங் பல்கலைக்கழகத்துக்கான திட்டத்தை முன்வைத்து 50 லட்சம் வெள்ளி கொடுத்தார். ஹொக்கியன் சீனர்களின் சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலம் தந்தது. திரிஷா மிதிப்பவர்கள்கூடத் தங்கள் உழைப்பின் வருமானத்தை நிதிக்குக் கொடுத்தார்கள். 1956-ல் வகுப்புகள் தொடங்கின.

கட்டடத்தை மக்கள் எழுப்பிவிடலாம். பட்டத்துக்கு அரசுப் பணியில் மதிப்பை அரசுதான் தர முடியும். 1959-ல் நன்யாங்கின் தரத்தை ஆராய்ந்த பிரெஸ்காட் குழு அதன் பட்டத்தை ஏற்கப் பரிந்துரைக்கவில்லை. அரசு அதை ஏற்றது 1968-ல்தான். குழு சுட்டிய குறைகள் பொய்யல்ல. வளாகத்தில் இடதுசாரி அரசியல் வலுவாக இருந்ததும் உண்மை. ஆனால் குறையைத் திருத்துவது வேறு, பட்டதாரிகளை ஆண்டுக்கணக்கில் வாசலில் நிறுத்துவது வேறு. உயர்கல்விக் கொள்கையின் உண்மையான பிடி பாடத்திட்டத்தில் இல்லை, வேலைக்கான தகுதி விதியில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர் தாங்களாகவே ஆங்கிலத்தைத் தேர்ந்தார்கள் என்பார்கள். 1959-ல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சீனவழி. 1970-களின் இறுதியில் பத்தில் ஒருவர் அளவே. நன்யாங் பட்டம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்துத்தான் அவர்கள் தேர்ந்தார்கள். தமிழ்ப் பெற்றோரும் அப்படித்தான்: கடைசித் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982-ல் மூடப்பட்டது. சீனவழிப் பல்கலைக்கழகம் எங்கும் நிலைத்திருக்காது என்ற வாதத்துக்கு ஹாங்காங் பதில் சொல்கிறது. அங்கே பிரிட்டிஷ் அரசே 1963-ல் சீனப் பல்கலைக்கழகத்தை நிறுவிப் பட்டத்துக்கு அங்கீகாரமும் கொடுத்தது. அது இன்றும் நடக்கிறது. மலாய் நாடுகள் சூழ்ந்த, பல இனத்தவர் வாழும் சிங்கப்பூருக்குப் பொதுமொழி ஒன்று தேவைப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தேவை, 1960-களில் வெளிவந்த பட்டதாரிகளின் சான்றிதழுக்கு மதிப்பை மறுத்ததற்கு நியாயம் ஆகாது.