அறிந்தது 1832இல், அடைத்தது 1952இல்

இருதய வால்வு ஒருவழிக் கதவு. அது இறுக மூடாதுவிட்டால், வெளியேறிய குருதியில் ஒரு பகுதி மீண்டும் உள்ளே வழிகிறது. அதையும் சேர்த்து இறைக்க வேண்டிய இருதயம் பருத்து, காலப்போக்கில் தளர்ந்துபோகிறது.

டப்ளின் நகர வைத்தியர் டொமினிக் கொறிகன் 1832இல் பெருநாடி வால்வின் கசிவை விரிவாக எழுதினார். நாடி துள்ளி எழுந்து சட்டெனச் சரிவதே அதன் அடையாளம். அந்த நாடி இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் நோயை அறிந்த வைத்தியரிடம் கசிவை அடைக்கும் வழி இருக்கவில்லை. அடுத்த 120 ஆண்டுகளும் நிலைமை அதுவே.

1952 செப்டெம்பரில் வொஷிங்டனில் சார்ள்ஸ் ஹஃப்னகல் முதல் செயற்கை வால்வைப் பொருத்தினார். இருதய நுரையீரல் இயந்திரம் வெற்றிகரமாகப் பயன்பட்டது மறு ஆண்டில்தான். ஆகவே பழுதான வால்வை அவர் தொடவில்லை. மார்பினூடாகக் கீழிறங்கும் பெருநாடியில், பந்து அடங்கிய பிளாஸ்டிக் குழாயொன்றை வைத்தார். உடலின் கீழ்ப்பகுதிக் குருதி திரும்புவது தடைப்பட்டது. தலைக்கும் கைகளுக்கும் சென்ற குருதியோ தொடர்ந்தும் பின்வழிந்தது. பந்து மோதும் ஓசை அருகிலிருந்தோருக்கும் கேட்டது. அரைகுறைத் தீர்வுதான், ஆயினும் அதுவரை எதுவுமே இல்லாதிருந்தவர்களுக்கு அது உயிர்.

அடைப்பதற்கு முன் அளக்க வேண்டும். சுருங்கிய மைத்திரல் வால்வை விரலால் அகலப்படுத்தும் சத்திரசிகிச்சை அன்று நடைமுறையில் இருந்தது. அதே வால்வு கசிவதாகவும் இருந்தால், அச்சிகிச்சை நோயைக் கூட்டிவிடும். இந்தக் கவலையே சுவீடனின் லுண்ட் நகரில் வைத்தியர் இங்கே எட்லரையும் பௌதிகவியலாளர் ஹெல்முத் ஹேர்ட்ஸையும் இணைத்தது. உலோகத்தில் வெடிப்புத் தேடும் மீயொலிக் கருவியை 1953இல் அவர்கள் நெஞ்சின் மீது வைத்தனர். வால்வின் அசைவு தெரிந்தது. கசிவையே காட்டும் டொப்ளர் முறை பின்னர் வந்தது.

1960இல் போர்ட்லாந்தில் அல்பேர்ட் ஸ்டாரும் பொறியியலாளர் லோவெல் எட்வேர்ட்ஸும் மைத்திரல் வால்வை அதன் இடத்திலேயே மாற்றிக் காட்டினர். பாரிஸின் அலன் கார்பென்டியே, நோயாளியின் சொந்த வால்வையே செப்பனிட்டு வளையத்தால் இறுக்கும் வழியை வகுத்தார்.

இன்று நெஞ்சைத் திறக்காமல், தொடை நாளத்தினூடாகக் கிளிப் ஒன்றைச் செலுத்தியும் கசிவைக் குறைக்கலாம். இருதயம் தளர்ந்து விரிந்ததால் வால்வு கசிந்தவர்களிடம் இதைச் சோதித்த இரு பெரிய ஆய்வுகள் 2018இல் வெளிவந்தன. ஒன்றில் இறப்புக் குறைந்தது. மற்றதில் பயன் காணப்படவில்லை. முன்னையதில், இருதயத்தின் பருமனோடு ஒப்பிடக் கசிவு கூடியவர்களே தெரிவாகியிருந்தனர் என்பது பலர் தரும் விளக்கம்.

அடைக்கும் கருவி கைக்கு வந்த பின்னரும், யாருக்கு அடைப்பது என்ற கேள்வி வைத்தியரின் கணிப்பிலேயே தங்கியிருக்கிறது. கொறிகன் நாடியைக் கவனித்த அந்தப் பொறுமைக்கு இன்னும் வேலை இருக்கிறது.