மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினும் எங்கள் தெரு இரும்பும்

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமை இருப்பவர்கள் வாசியுங்கள்.

போன மார்கழி விடுமுறையில் ஒரு ஹொண்டா சீ 90 எஞ்சினைப் பூட்டினேன். பழைய இரும்பு சேர்க்கும் எங்கள் தெருக்காரர் ஒருவரிடம் உரப்பையோடு நிறைக்கு வாங்கியது. குருநகரில் வாடகை வீட்டு விறாந்தை, ஒரு கிழிந்த பாய், ஸ்பனர் கட்டு, சுத்தியல், அரம். இவ்வளவுதான் என் கராஜ்.

கழுவத் தொடங்கியபோது சிலிண்டரின் அடியில் ஒட்டியிருந்த காஸ்கற்றைச் சுரண்டினேன். ஒன்று வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. கொம்பனி அங்கே ஒன்றுதான் வைக்கும். இரண்டாவது, தடித்த மட்டையில் கையால் வெட்டியது. துளைகள்கூடச் சரியான வட்டமில்லை. பக்கத்து வீட்டில் வள்ளத்து மோட்டர் திருத்தும் அண்ணையிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், இது மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின்."

கலாசாலையில் மூலாதாரம், துணையாதாரம் என்று மணித்தியாலக் கணக்காகப் படித்தோம். ஒரு மூலாதாரத்தை எண்ணெய்க் கறையோடு கையில் பிடித்தது அன்றுதான்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரம் நின்றது. பற்றரி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டியலில். மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக வந்தது. ஜாம் போத்தல் விளக்கில் பஞ்சுத் திரி வைத்துப் படித்த பிள்ளைகள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். அதே மண்ணெண்ணெயில்தான் ஒஸ்ரின் ஏ 40 வாடகைக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின.

இதைப் பலரும் யாழ்ப்பாணத்தான் மூளை என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமை நியாயம்தான். ஆனால் வானத்திலிருந்து விழுந்த மூளையல்ல அது. பெற்றோல் கடுங்குளிரிலும் பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினை ஒரு சொட்டுப் பெற்றோலில் உசுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். 1949இல் இங்கிலாந்தில் வந்த பேர்குசன் ரீ.ஈ.டி 20 உழவு இயந்திரம் இப்படித்தான் ஓடியது. தோட்டக்காரர்களின் மண்ணெண்ணெய் வோட்டர் பம்மும் அப்படி. குருநகர்க் கடற்கரையின் வெளியிணைப்பு மோட்டர்களும் அப்படி. தோட்டமும் கடலும் முன்பே அறிந்திருந்த வித்தை 1990இல் தெருவுக்கு வந்தது.

சிக்கல் அடுத்த படியில். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. அமுக்கம் கூடினால் நேரத்துக்கு முந்தி வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். அமுக்கத்தைக் குறைக்கச் சுலபமான வழி சிலிண்டரைக் கொஞ்சம் உயர்த்துவது. அதற்குத்தான் அந்த இரண்டாவது காஸ்கற். ஆனால் சீ 90இல் காம் மேலே தலைக்குள் இருக்கிறது. தலை உயர்ந்தால் ரைமிங் செயினும் இழுபட்டு, வால்வு திறக்கும் நேரம் மெல்லப் பிந்தும். எரியாத எண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். அளவுக்குச்சியில் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு வரும். என் சிலிண்டர் சுவரில் இருந்த கீறல்களுக்கு அதைத்தான் காரணமாக நினைக்கிறேன். இவ்வளவையும் தாங்கி ஓடினது ஹொண்டாக்காரனின் கெட்டித்தனம். 1958இல் தொடங்கிய சுப்பர் கப் குடும்பம் 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது என்றால் சும்மாவா?

பூட்டின கதைக்கு வருகிறேன். சிலிண்டரையும் ரிங்கையும் கடையில் கொடுத்துச் சரிப்படுத்தினேன், அது வீட்டில் முடியாத வேலை. மற்றதெல்லாம் பாயில். வால்வின் தண்டில் பெற்றோல் குழாய்த் துண்டைச் செருகி, பசை பூசி, உள்ளங்கைகளுக்கிடையே கடைந்து இருக்கையில் பொருத்தினேன். பிறகு துவாரத்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தேன். பிஸ்டன் பின்னுக்குக் கிளிப் போடும்போது கீழ்வாயைத் துணியால் அடைத்தேன். அடைக்க மறந்த முதல்நாள் கிளிப் உள்ளே விழுந்து, எஞ்சினைத் தலைகீழாகக் குலுக்கி எடுத்தேன். அதை விட்டுவிடுவோம். ரிங்கைச் சிலிண்டருக்குள் இறக்க அமுக்கி தேவையில்லை. ரிங் வாய்களை ஒன்றுக்கொன்று விலக்கி வைத்து, விரலால் அழுத்தி, மெதுவாக இறக்கினால் போதும். அவசரப்பட்டால் ரிங் முறியும்.

ரைமிங்குக்குப் பறவைச் சில்லில் 'ரீ' என்ற எழுத்து, காம் பற்சில்லில் ஒரு வட்டம். இரண்டும் தத்தம் அடையாளத்துக்கு நேரே வரவேண்டும். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீற்றர். என்னிடம் அளவி இல்லை. சவரப் பிளேட் 0.1 மில்லிமீற்றர் தடிப்பு, அது புகுந்தால் இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். பொயின்ற் திறக்கும் கணத்தைப் பிடிக்க ஒரு மெல்லிய தாள்: இழுத்துப் பிடித்துக்கொண்டு பறவைச் சில்லைத் திருப்ப, எந்த இடத்தில் தாள் விடுபடுகிறதோ அதுதான் இடம். பறவைச் சில்லின் நட்டை இறுக்கும்போது பிளக் துவாரத்தால் வலைக்கயிறு விட்டுப் பிஸ்டனை நிறுத்தினேன். குருநகரில் வலைக்கயிற்றுக்குப் பஞ்சமா?

கிளச்சில்தான் நின்றேன். அதன் நட்டில் நான்கு வெட்டு. நான்கு பல் உள்ள குழாய்ச் சாவி வேண்டும். உளி வைத்து அடிப்பவர்கள் உண்டு, எனக்கு மனம் வரவில்லை. அண்ணை உள்ளே போய் ஒரு சாவி கொண்டுவந்தார். இரும்புக் குழாயின் நுனியில் வாளால் வெட்டி அரத்தால் ராவிய நான்கு பற்கள். 1992இல் செய்தாராம். கச்சிதமாகப் பொருந்தியது.

"இந்தக் குழாயை எங்க எடுத்தீங்கள் அண்ணை? அப்ப இரும்பு வர விடேல்லையே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உங்கட கடையளில எடுத்த சாமானை வித்தவங்கள் தம்பி. அதில வாங்கினது."

அதுவரை மாஸ்டர் என்றவர் அப்போதுதான் தம்பி என்றார்.

வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணச் சோனகர்கள் பலர் இரும்பு, பழைய இரும்பு, உதிரிப்பாகம், லொறி வியாபாரத்தில் இருந்தவர்கள். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி காலை விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் எங்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஒரு வயது. வாப்பா கையில் 150 ரூபாவோடும் மாற்றுடுப்போடும் புத்தளம் போனார். அந்த ஒக்ரோபரில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். விட்டுவந்தவை பறிக்கப்பட்டு விற்கப்பட்டன.

ஜூனில் பெற்றோல் நின்றது. ஒக்ரோபரில் இரும்புக்காரர் இல்லாமற் போனார்கள். ஒரு நட்டும் ஒரு குழாயும் தங்கத்தை விடப் பெறுமதியான காலத்தில்தான் அவை எங்கே கிடைக்கும், எது எதற்குப் பொருந்தும் என்று தெரிந்த ஆட்களை ஊர் இழந்தது. மண்ணெண்ணெய்க் கதையைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. எங்கள் வெளியேற்றக் கதையைச் சொல்லும் நாங்களும் அந்த ஐந்து வருடம் இங்கே இருந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்வதில்லை. எனக்கு இரண்டும் ஒரே வருடத்தில் நடந்த ஒரே கதை. ஒரே எஞ்சினுக்குள் கிடந்தது.

அந்தச் சாவியை அண்ணை எனக்கே தரப் பார்த்தார். வேண்டாம் என்றேன், அவருக்கு இன்னும் தேவைப்படும். அது எங்கள் வாப்பாவின் கடைக் குழாயா என்று கேட்காதீர்கள். குழாயில் பெயர் எழுதியிருக்காது.

2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் பழைய வித்தையைச் சிலர் மறுபடி நினைத்தார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியதும் அந்த நினைப்பும் போனது. குருநகரில் வள்ளங்கள் கரையில் கிடந்தன.

என் எஞ்சினுக்கு இப்போது ஒரு காஸ்கற்தான். ஒன்பதாவது உதையில் பற்றியது. ரைமிங் செயின் கொஞ்சம் கிலுகிலுக்கிறது, இடப்பக்கம் ஒயில் கசிகிறது, அடுத்த விடுமுறையில் பார்க்கவேண்டும். கழற்றிய மட்டைக் காஸ்கற்றைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். முன்வரிசைப் பிள்ளை முகர்ந்து பார்த்துவிட்டு, "சேர், இன்னும் மணக்குது" என்றாள்.