வென்டிலேட்டரும் அதை இயக்கும் கைகளும்: தீவிர சிகிச்சையின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தியச் செய்தித்தாள்கள் நாள்தோறும் ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தன: நாட்டில் எத்தனை வென்டிலேட்டர்கள் இருக்கின்றன? மே 13 அன்று பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்கள் வாங்குவதற்காக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கருவிகளின் எண்ணிக்கை கூடினால் காப்பாற்றப்படும் உயிர்களின் எண்ணிக்கையும் அதே அளவில் கூடும் என்ற நம்பிக்கை அந்தக் கணக்கின் அடியில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு தோன்றி வளர்ந்த வரலாறு இந்த நம்பிக்கைக்கு ஆதரவாக இல்லை. அந்த அமைப்பு பிறந்ததே கருவிகள் போதாத ஒரு நகரத்தில்தான்.

1952 கோடையில் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனைப் போலியோ தாக்கியது. நகரின் தொற்றுநோய் மருத்துவமனையான பிளெக்டாமில் உச்சகட்டத்தில் ஒரே நாளில் 50 பேர் வரை சேர்க்கப்பட்டனர். போலியோ நுரையீரலைத் தாக்கும் நோயன்று. ஆனால் அந்த வைரஸ் மூச்சுவிடும் தசைகளையும் விழுங்கும் தசைகளையும் செயலிழக்கச் செய்யும்போது நோயாளி மூச்சின்றி இறக்கிறார். அதற்கு அன்றிருந்த விடை 'இரும்பு நுரையீரல்'. 1928 இல் பாஸ்டனில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் உருவாக்கிய அந்த உருளைக்குள் நோயாளியின் உடல் கழுத்துவரை வைக்கப்படும். உள்ளே காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரிந்து காற்று உட்புகும். பிளெக்டாமில் அத்தகைய உருளை ஒன்றும், மார்பை மட்டும் மூடும் சிறிய கருவிகள் ஆறும் இருந்தன. முதல் மூன்று வாரங்களில் இவற்றால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். விழுங்க முடியாதவரின் உமிழ்நீரும் சளியும் காற்றோடு சேர்ந்து நுரையீரலுக்குள் இறங்கியதைத் தடுக்க அக்கருவிகளுக்கு வழியில்லை.

தலைமை மருத்துவர் லாசன், மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்செனை ஆலோசனைக்கு அழைத்தார். நோயாளிகளின் இரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்ததைக் கண்ட மருத்துவர்கள் அதை உடலில் காரத்தன்மை கூடியதன் அறிகுறியாகக் கருதியிருந்தனர். இப்சென் அதே எண்ணை வேறுவிதமாகப் படித்தார். வெளியேற முடியாத கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் தேங்குகிறது, நோயாளி போதிய மூச்சின்மையால் இறக்கிறார் என்பது அவர் வாதம். ஆகஸ்ட் 27 அன்று, மரணத்தின் விளிம்பிலிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் செருகி, அதனுடன் இணைத்த ரப்பர் பையைக் கையால் அழுத்தி ஆக்சிஜன் கலந்த காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். ஆய்வகத் தலைவர் பூல் ஆஸ்ட்ரப் இரத்தத்தின் அமிலத்தன்மையை அளந்து இப்செனின் வாதத்தை உறுதிசெய்தார்.

அறுவை அரங்கில் நாள்தோறும் நடக்கும் செயல்தான் அது. ஆனால் அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். போலியோ நோயாளிக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் யாரேனும் பையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து அந்தப் பணியை ஏற்றனர். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் மாணவர்களின் கைகளால் மூச்சுவிட்டனர். மொத்தம் 1,65,000 மணி நேரம் அவ்வாறு கழிந்தது. இத்தகைய நோயாளிகளிடையே 87 விழுக்காடாக இருந்த இறப்பு ஏறத்தாழ 40 விழுக்காடாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு, 1953 டிசம்பரில், கோபன்ஹேகனின் மற்றொரு மருத்துவமனையில் இப்சென் தனிப் பிரிவு ஒன்றை நிறுவினார். உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவாக வரலாற்றாளர் பலரும் குறிப்பிடுவது அதைத்தான். சுவாசத்துக்குத் துணை, இரத்தத்தைத் தொடர்ந்து அளக்கும் ஆய்வகம், ஒவ்வொரு படுக்கை அருகிலும் கண் அகலாத ஒரு மனிதர் ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுசேர்ந்தன. கையின் இடத்தைப் பின்னர் எந்திரம் எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டுக்கும் மாற்று இல்லை.

போலியோ நோயாளியின் நுரையீரல் பெரும்பாலும் நலமாக இருந்தது, இயக்கும் தசை மட்டுமே ஓய்ந்திருந்தது. நுரையீரலே பழுதானால் என்ன செய்வது என்ற கேள்வி 1967 இல் தெளிவான வடிவம் பெற்றது. அமெரிக்காவின் டென்வரில் ஆஷ்பா, பெட்டி உள்ளிட்ட மருத்துவர்கள் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினர். சிலருக்குக் காயம், சிலருக்கு வைரஸ் தொற்று, ஒருவருக்குக் கணைய அழற்சி. காரணங்கள் வேறுபட்டாலும் நுரையீரலில் நேர்ந்தது ஒன்றே: காற்றறைகளில் நீர் நிறைந்தது, அவை சுருங்கின, ஆக்சிஜன் கொடுத்தும் இரத்தத்தில் ஏறவில்லை. மூச்சு வெளியேறும்போதும் சிறிது அழுத்தத்தைத் தக்கவைத்தால் காற்றறைகள் மூடாமல் இருக்கும் என்பதை அவர்கள் கண்டனர். இந்நிலையே பின்னர் ஏ.ஆர்.டி.எஸ். எனப் பெயர்பெற்றது. இன்ஃபுளுவென்சாவோ கொரோனாவோ முற்றிய நிலையில் கொண்டுசேர்க்கும் இடம் இதுதான்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் மருத்துவம் கசப்பான ஓர் உண்மையைக் கற்றது. மூச்சைக் காக்கும் எந்திரமே நுரையீரலைச் சிதைக்கவும் கூடும். நோயுற்ற நுரையீரலில் காற்று புகக்கூடிய பகுதி குழந்தையின் நுரையீரல் அளவே எஞ்சியிருப்பதை லூசியானோ கட்டினோனி ஸ்கேன் படங்களின் வழியே விளக்கினார். பெரியவருக்கான காற்றை அதற்குள் திணித்தால் அது கிழியும். 2000 இல் வெளியான அமெரிக்க ஆய்வு 861 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தது. உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் பெற்றவர்களில் அது 31 விழுக்காடு. புதிய மருந்தோ புதிய கருவியோ இல்லை. இருந்த கருவியை மென்மையாக இயக்கியதால் கிடைத்த பலன் அது.

2013 இல் பிரெஞ்சு மருத்துவர் கெரான் தலைமையிலான ஆய்வு இன்னும் எளிய ஒன்றைச் சோதித்தது. கடுமையான நிலையிலிருந்த 466 பேரில் ஒரு பிரிவினரை நாள்தோறும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தனர். 28 நாள் இறப்பு 32.8 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. செலவில்லாத சிகிச்சைபோல் தோன்றினாலும் இதற்கு விலை உண்டு. மயக்கத்திலிருக்கும் ஒருவரைக் குழாய்கள் நழுவாமல் புரட்ட, பயிற்சி பெற்ற பலர் ஒரே நேரத்தில் தேவை.

கொரோனாக் காலத்தின் தெளிவான மருந்துக் கண்டுபிடிப்பும் இதே தன்மையது. 2020 இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, மலிவான பழைய ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைத்ததாக அறிவித்தது. அது வைரஸைக் கொல்வதில்லை, உடலின் மிகையான அழற்சியை அடக்குகிறது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை. யாருக்கு, எப்போது கொடுப்பது என்ற கணிப்பே மருந்தின் மதிப்பைத் தீர்மானித்தது.

இந்த வரலாற்றின் ஒளியில் 2021 இந்தியாவைப் படிக்க வேண்டும். ஏப்ரல் இறுதியில் டெல்லி மருத்துவமனைகள் கேட்டது ஆக்சிஜன். மே தொடக்கத்தில் ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தொற்றுகள் பதிவாயின. திரவ ஆக்சிஜன் பெருமளவில் உற்பத்தியானது ரூர்கேலா, பொகாரோ, ஜாம்ஷெட்பூர் போன்ற கிழக்கிந்திய எஃகு நகரங்களில். நோயாளிகள் மூச்சுக்குத் தவித்தது வடக்கிலும் மேற்கிலும். இடையிலிருந்த தொலைவைக் கடக்கக் குளிர்கலத் தாங்கி லாரிகள் போதவில்லை, ரயில்கள் அவற்றைச் சுமந்தன. ஆக்சிஜனைப் பங்கிட உச்ச நீதிமன்றமே 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவை அமைக்க நேர்ந்தது. அதே மாதங்களில், முந்தைய ஆண்டு வாங்கிய வென்டிலேட்டர்கள் பல மாவட்டங்களில் இயக்க ஆளின்றியோ பழுதுபட்டோ கிடக்கும் செய்திகளும் வந்தன.

தமிழ் இதழ்கள் வென்டிலேட்டரை 'உயிர்காக்கும் கருவி' என்று எழுதுவது வழக்கம். 'செயற்கைச் சுவாசக் கருவி' என்ற சொல்லே வரலாற்றுக்கு நெருக்கமானது. கருவி தருவது மூச்சும் கால அவகாசமும் மட்டுமே. அந்த அவகாசத்தை உயிராக மாற்றுவது காற்றின் அளவைக் கணிப்பவரும், நோயாளியைப் புரட்டுபவரும், சளியை உறிஞ்சி எடுக்கும் செவிலியரும்.

கோபன்ஹேகனின் ரப்பர் பைக்கு ஒரு வாரிசு உண்டு. 1956 இல் டேனிய மயக்கவியல் மருத்துவர் ஹென்னிங் ரூபனும் பொறியாளர் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் அறிமுகப்படுத்திய, தானே விரியும் அம்பு பை அது. இந்திய அரசு மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் கிடைக்காத நோயாளியின் அருகில் உறவினர் ஒருவர் இரவு பகலாக அந்தப் பையை அழுத்திக்கொண்டிருப்பது பலமுறை செய்தியாகியிருக்கிறது. 1952 இன் மாணவர் செய்ததும் அதுவே. ஆனால் அவருக்குப் பின்னால் மருத்துவர் குழுவும் ஆஸ்ட்ரப்பின் ஆய்வகமும் அடுத்த முறைக்கு வரவிருந்த இன்னொரு மாணவரும் இருந்தனர். இந்த உறவினருக்குப் பின்னால் யாரும் இல்லை. அடுத்த தொற்றுக்கு முன் எண்ணப்பட வேண்டியவை கருவிகள் மட்டுமல்ல. ஒரு படுக்கைக்கு எத்தனை செவிலியர், அவர்களுக்கு எத்தனை மாதப் பயிற்சி, இரத்த வாயுவை அளக்கும் ஆய்வகம் எத்தனை மாவட்டங்களில் உண்டு என்ற எண்களும் அதே கணக்கில் இடம்பெற வேண்டும்.