ஏறத்தாழ 53 பிரதிவாதிகள்

2007 ஆகஸ்டில், கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். அமெரிக்காவின் புகழ்பெற்ற விளையாட்டு வீரர் மைக்கல் விக், நாய்ச்சண்டைத் தொழில் நடத்தியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார் என்ற செய்தியைத் தமிழாக்கி, பக்கத்தின் கீழ் மூலையில் பிரசுரித்தேன். "கைப்பற்றப்பட்ட நாய்கள் கொல்லப்படவுள்ளன" என்பது அதன் கடைசி வாக்கியம். ஆங்கில மூலத்தில் 'கொல்லப்படலாம்' என்றே இருந்தது. சண்டைக்கு வளர்த்த விலங்கை வேறென்ன செய்வார்கள் என்ற எண்ணத்தில் நானே அதை உறுதியாக்கிவிட்டேன். வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்க நாய்களின் கதி என்னவாயிற்று என்று எந்த வாசகரும் கேட்டு எழுதவில்லை. நானும் தேடவில்லை.

அந்த வாக்கியம் பிழையானது என்பதைக் கடந்த வருடந்தான் அறிந்தேன். அறிய நேர்ந்த காரணம் எனக்குப் பெருமை தருவதல்ல.

என் தாயார் எண்பத்திரண்டு வயதில், ஒரு நாய் வேண்டும் என்றார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, எங்கள் வீட்டு வீமனும் பின்னால் வந்தது. நாவற்குழிப் பாலத்தை அடையுமுன்பே சனநெரிசலில் அதைத் தவறவிட்டோம். அதற்குப் பிறகு அம்மா நாய் என்ற பேச்சையே எடுத்ததில்லை. இப்போது அவராகக் கேட்டதால், மகிழ்ச்சியுடன் புறநகர்க் காப்பகம் ஒன்றுக்குப் போய், இருந்தவற்றுள் இளமையும் அழகும் மிக்க ஒன்றைத் தெரிந்தெடுத்து வந்தேன். அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அது துள்ளிப் பாய்ந்ததில் அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நாயைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கோ உலாவப் போகிறோம் என்று நினைத்து அது வாகனத்தில் உற்சாகமாக ஏறிக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை. எங்கே தவறினேன் என்று அறியும் பொருட்டே இந்த விடயத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

நாய்க் காப்பகம் என்ற ஏற்பாடு அவ்வளவு பழையதல்ல. 1860இல் மேரி டீல்பி என்ற பெண்மணி லண்டனின் ஹொலவேய் பகுதியில், தொலைந்த, பட்டினி கிடந்த நாய்களுக்கு ஓர் இல்லம் திறந்தார். மனிதர்களே பட்டினி கிடக்கும் நகரில் நாய்க்கு இல்லமா என்று 'தி டைம்ஸ்' பத்திரிகை எள்ளி நகையாடியது. (எங்கள் தொழிலின் பழைய வழக்கம்!) 1862இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ் அந்த இல்லத்தை அனுதாபத்துடன் எழுதியது. 1871இல் அது பட்டர்சீக்கு இடம் மாறி, இன்றும் அங்கே இயங்குகின்றது. ஆனால் அக்காலத்தில் அங்கு கேட்கப்பட்ட கேள்வி, இந்த நாய்க்கு உரிமையாளர் உண்டா என்பது மட்டுமே. குறித்த நாட்களுக்குள் உரிமையாளரோ வாங்குபவரோ வராவிட்டால் பெரும்பாலானவை கொல்லப்பட்டன. எங்கள் நாட்டிலோ அந்தக் கேள்விக்கும் இடமிருக்கவில்லை. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த கட்டாக்காலி நாய் ஒழிப்பு, 2006இல் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ கொல்வதை நிறுத்தப் பணிக்கும்வரை தொடர்ந்தது.

வேர்ஜீனியாவில் நடந்தது இவற்றிலிருந்து வேறானது.

2007 ஏப்ரலில் விக்கின் சொத்தாக இருந்த காணியில் பொலிஸார் தேடுதல் நடத்தி ஐம்பதுக்கும் மேற்பட்ட பிட்புல் நாய்களைக் கைப்பற்றினர். அவற்றைப் பறிமுதல் செய்ய மத்திய அரசு தொடுத்த சிவில் வழக்கின் பெயரே விசித்திரமானது: 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் ஏறத்தாழ 53 பிட்புல் நாய்கள்'. சட்டத்தின் பார்வையில் நாய்களே பிரதிவாதிகள்! அதுவரை இத்தகைய நாய்கள் சாட்சிப் பொருட்களாகவே கருதப்பட்டன. வழக்கு முடிந்ததும் அழிப்பதே வழமை. பெரிய விலங்குநல அமைப்புகள் சிலவும் அப்படியே செய்யும்படி கூறின.

அவ்வருடம் செப்டெம்பரில் நிபுணர் குழுவொன்று 49 நாய்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தது. உணவு உண்ணும்போது செயற்கைக் கையொன்றினால் பாத்திரத்தை இழுத்துப் பார்த்தார்கள். குழந்தை அளவிலான பொம்மையைக் காட்டினார்கள். வேறு நாயை அருகில் கொண்டுவந்தார்கள். மனிதருக்கு ஆபத்தானது எனக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. இன்னொன்று தீராத நோயின் காரணமாகக் கருணைக்கொலை செய்யப்பட்டது. மற்ற 47உம் உயிர்தப்பின. நான் உறுதியாக எழுதிய வாக்கியத்தின் கதி இதுதான்.

சோதித்தவர்களை வியப்பில் ஆழ்த்தியது மூர்க்கமல்ல, அச்சம். பல நாய்கள் மனிதர் நெருங்கியதும் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொண்டன. எனவே உயிரோடு விடலாமா என்ற கேள்வி முடிந்து, எதை எங்கே விடுவது என்ற கடினமான கேள்வி எழுந்தது. நீதிமன்றம் ரெபேக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரைப் பாதுகாவலராக நியமித்தது. ஒவ்வொரு நாயின் குறிப்பையும் படித்து, அதற்கேற்ற அமைப்பை அவர் தேடினார். அவற்றின் பராமரிப்புக்கென விக் ஒன்பது இலட்சம் டொலருக்கு மேல் செலுத்த வேண்டியிருந்தது.

கடினமானவை எனக் கருதப்பட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்திலுள்ள சரணாலயம் ஒன்றுக்குச் சென்றன. மனிதருக்கு அஞ்சிய நாய்க்கு, அஞ்சாத இன்னொரு நாய் வழிகாட்டியாக அமைந்ததும் உண்டு. ஜொனி என்ற நாய் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டுக்குப் போய், சிறுவர்கள் வாய்விட்டு வாசித்துப் பழகும்போது அருகிலிருந்து கேட்கும் வேலை பெற்றது. மறுபுறம் லூகாஸ் என்ற நாய், மனிதரிடம் மிகுந்த அன்பு காட்டியபோதிலும், சண்டைகளில் பேர்பெற்றிருந்த காரணத்தால் வாழ்நாள் முழுவதும் சரணாலயத்திலேயே இருக்க வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிட்டது. 2013இல் அங்கேயே இறந்தது. அந்தக் கட்டளை நியாயந்தானா என்று என்னால் இன்னும் முடிவுசெய்ய இயலவில்லை.

இவற்றைப் படித்த பின் அதே காப்பகத்துக்கு மறுபடியும் போனேன், இம்முறை அம்மாவையும் அழைத்துக்கொண்டு. நடந்த தவறைச் சொன்னேன். பராமரிப்பாளரான பெண் நிறையக் கேட்டார்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், அம்மா ஊன்றுகோல் பாவிப்பவரா, எத்தனை படிகள், கேற் பூட்டியிருக்குமா. பிறகு அம்மாவை ஒரு நாற்காலியில் அமர்த்தி, நாய்களை ஒவ்வொன்றாகக் கூட்டிவந்தார். நான்காவதாக வந்தது காது கிழிந்த, வயதான பெட்டை. வாலாட்டவுமில்லை, குரைக்கவுமில்லை. நாற்காலிக்கு இரண்டடி தள்ளிப் படுத்துக்கொண்டது. அம்மாவும் அதைத் தடவப் போகவில்லை. கால்மணி நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"இது காணும், தம்பி" என்றார்.

அதன் பெயர் சுது. மாற்றவில்லை. சிங்களத்தில் கூப்பிட்டால்தான் வருகிறது. இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும் சிங்களம் வாயில் நுழையாது என்று சொல்லிவந்த அம்மா, இப்போது காலையில் வாசற்படியில் நின்று, "மெஹே எந்ந, சுது, மெஹே எந்ந" என்று அழைப்பது என் அறைக்குக் கேட்கின்றது.