உடையார்குடிக் கல்வெட்டும் கல்கியின் முடிவுரையும்

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உளது. அதன் சுவரிலிருந்து 1920-ஆம் ஆண்டில் படியெடுக்கப்பெற்ற கல்வெட்டொன்று, முதல் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என மூவர் பெயரை அது கூறும்: சோமன், அவன் தம்பி இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், மற்றொரு தம்பி பரமேசுவரனாகிய இருமுடிசோழ பிரமாதிராசன். இவர்தம் உடைமையும் உறவினர் உடைமையும் கைப்பற்றப்பட்டமையையும் அக்கல்வெட்டால் அறிகிறோம். கொன்றது எதன்பொருட்டு, ஏவியவர் எவர் என்னும் இரண்டனைப் பற்றியும் அதில் ஒரு சொல்லும் இல்லை.

இம்மௌனத்தின்மேல் எழுந்ததே 'பொன்னியின் செல்வன்'. கல்கி அதனை 1950 முதல் 1954 வரை தம் இதழில் தொடராக எழுதினார். கதை நிறைவெய்தியபின் வாசகர் பலர் மனநிறைவு எய்தவில்லை. கதைமாந்தர் பின்னர் என்னாயினர் என வினவினர். அவர்க்கு விடையாகவே கல்கி ஒரு முடிவுரை வரைந்தார். 'பார்த்திபன் கன'வுக்கும் 'சிவகாமியின் சபத'த்துக்கும் வாய்த்தது போன்ற முற்றுப்பெற்ற முடிவு இந்நாவலுக்கு வாய்க்கவில்லை என்பதை அவர் அதில் மறைக்கவில்லை. வரலாற்றில் மேலும் நெடுங்காலம் வாழ்ந்து செயலாற்றிய மாந்தரைக் கதைக்காக ஓரிடத்தில் நிறுத்திவிடல் இயலாது என்பது அவ்வுரையின் சாரம். முடிவுரையைப் பலர் புரட்டிவிட்டு மூடிவிடுகின்றனர். நாவலின் ஐந்து பாகங்களுக்குள்ளும் ஆராய்ச்சியாளர்க்கு மிகுதியும் பயன்படும் பகுதி அதுவே என்பது என் கருத்து.

கல்கி எழுதத் தொடங்கியபோது அறிஞரிடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் 1935-இல் வெளிவந்த தம் சோழர் வரலாற்றில், கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கிருத்தல் கூடும் என ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் 1949-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்த தம் நூலில் அதனை மறுத்தார். ஐயத்துக்கு இடந்தந்தது திருவாலங்காட்டுச் செப்பேடு. ஆதித்தன் மறைந்தபின் குடிகள் வேண்டியும், தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை அருண்மொழி அரசை விரும்பவில்லை என்பது அதன் செய்தி. சாத்திரியார் அவ்வரியில் உத்தமனின் ஆசையைக் கண்டார். கல்கி அதே வரியில் அருண்மொழியின் துறவைக் கண்டார். ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' எனப் பெயரிட்டமைக்கு வேர் ஈண்டு உளது.

அவ்வாறாயின் உத்தமனின் ஆசை எங்கே போயிற்று? இங்குத்தான் நாவலாசிரியரின் திறன் வெளிப்படுகிறது. கல்கி மதுராந்தகர் ஒருவரை இருவராக்கினார். அரியணைக்காகச் சிற்றரசரோடு கூடிச் சூழ்ச்சி செய்தவன் செம்பியன்மாதேவியின் மகனே அல்லன். பூத்தொடுத்துச் சிவபணி செய்துகிடந்த சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழன். சாத்திரியார் கண்ட பேராசைக்காரனுக்கும் பண்டாரத்தார் கண்ட குற்றமற்றவனுக்கும் தனித்தனி உடல் கொடுத்துவிட்டார். இதற்குச் சான்று யாதும் இல்லை. ஆயினும் ஓர் ஆராய்ச்சிச் சிக்கல் கதைப்பின்னலாக மாறிய வகைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைத் தமிழில் நான் கண்டிலேன்.

கொலைக்குக் காரணம் காட்டுமிடத்துக் கல்கி பழம்பகையை நாடினார். வீரபாண்டியன் 'சோழன் தலைகொண்ட' எனப் பட்டம் பூண்டவன். ஆதித்தன் 'பாண்டியன் தலைகொண்ட' எனப் பட்டம் பூண்டவன். தலைக்குத் தலை என்னும் இப்பகையை நந்தினியின் வஞ்சினமாகவும் இரவிதாசன் கூட்டத்தாரின் சபதமாகவும் ஆக்கினார். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயராதலின் இரவிதாசனைப் பாண்டியர் பக்கத்தவன் எனக் கொள்ளுதல் எளிது. ஆனால் இராசராசனின் தேவியருள் ஒருவர் பெயரும் பஞ்சவன் மாதேவியே. வென்ற நாட்டின் பெயரைச் சோழர் தம் பட்டங்களில் சூடினர் என்பதற்கு இது போதிய சான்று. தம்பி பரமேசுவரன் பெற்றிருந்த இருமுடிசோழன் என்னும் பட்டமோ வெளிப்படையாகவே சோழர் பட்டம். துரோகி என்னும் சொல்லையும் நோக்குக: பகை நாட்டான் பகைவன் ஆவான்; துரோகி ஆகான். கல்வெட்டு குறிப்பது சோழர் உப்பைத் தின்ற அதிகாரிகளையே என்று கொள்ளுதல் பொருந்தும். அவர்களைக் காட்டில் உலவும் மந்திரவாதிகளாகக் கல்கி படைத்தது கதைக்குச் சுவை, வரலாற்றுக்கு இழப்பு.

எனினும் ஓரிடத்தில் அவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டார். கடம்பூர் மாளிகையில் கரிகாலன் வீழ்கிறான். வந்தியத்தேவன்மேல் பழி சுமத்தப்படுகிறது. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். ஆயினும் உயிர்போக்கிய கை எவருடையது என ஐயத்துக்கிடமின்றி ஆசிரியர் உரைப்பதில்லை. துப்பறியும் கதைக்குப் பழகிய வாசகர் இதனைக் குறையெனக் கருதினர். கல்வெட்டைப் படித்தவர் அவ்வாறு கருதார்.

உத்தமனைப் பொறுத்தவரை ஒன்று கூறவேண்டும். அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயிற்பணிகளை ஆராயும் உயர்பொறுப்பில் இருந்தான். தமையனைக் கொல்வித்தவன் மகனுக்கு அரசன் அவ்விடம் அளித்திருப்பானோ என்பது வலிய வினா. ஆனால் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் சான்றையும் அளந்தே கொள்ளவேண்டும். அது இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டினது. கொலைக்கு ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் பிற்பட்டது. மகனின் அவையில் தந்தையின் புகழை அவைப்புலவன் பாடியது. அதில் துறவு மிகுத்துரைக்கப்பட்டிருத்தலும் இயல்பே. சாத்திரியார் அப்புலவனை ஐயுற்றார், கல்கி நம்பினார். உடையார்குடிக் கல்வெட்டு இருவருள் எவர்க்கும் துணைநிற்கவில்லை.

நாவல் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் திரைப்படமாகவும் வந்தபின், நந்தினியைச் சோழர் வரலாற்றில் தேடும் மாணவர் பெருகியுள்ளனர். அவர்கள் கையில் முதலில் கொடுக்கத்தக்கது கல்வெட்டின் பாடம். அடுத்தது கல்கியின் முடிவுரை. நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரிக்கரையிலிருந்து அக்கல்வெட்டு நிற்கும் கோயில் தொலைவில் இல்லை. வந்தியத்தேவன் குதிரையேறி வந்த வழியில்தான் அவ்வூர் உளது.